தோட்டப் பட்டணத்தில் ஒரு சின்ன ஆபிஸ், அதற்கு ஒரு சர்வர்: எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகாவ் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் வேலை செய்கிறீர்கள். பாலிடெக்னிக்கில் கணினி படித்திருக்கலாம், அல்லது படிக்கவே இல்லை, பிரிண்டர் நின்றால் எல்லாரும் உங்களைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் முதலாளி "இனிமே நம்ம சர்வரையும் நீயே பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த வழிகாட்டி உங்களுக்காக எழுதியது.

ஓர் உதாரண நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனம், பத்துப் பன்னிரண்டு கணினி, கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், எல்லாரும் பகிரும் கோப்புகளுக்கு நாஸ் என்ற வலைச் சேமிப்புப் பெட்டி ஒன்று, கேமராக்கள், வாசலில் லோரி எடைபோடும் இடத்தில் ஒரு கணினி. கிளினிக்கோ ஹார்ட்வேர் கடையோ நகைக்கடையோ என்றாலும் வேலை ஏறக்குறைய இதேதான். அந்தச் சர்வரில் தொழிலாளிகளின் அடையாள அட்டை எண், வெளிநாட்டு ஆட்களின் பாஸ்போர்ட் நகல், சம்பளம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பு) கணக்கு எல்லாம் இருக்கும். 2024 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரி வாரியம் படிப்படியாகக் கொண்டுவரும் இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) முறையும் சேர்ந்துகொண்டதால், கணினி ஒரு நாள் நின்றால் விற்பனையும் அன்றைக்கு நிற்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவரிடம் விற்பனையாளர்கள் முதலில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் விலை உயர்ந்த ஃபயர்வால் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சின்ன நிறுவனங்களைக் காப்பாற்றுவது சலிப்பான வேலைகள்: என்ன இருக்கிறது என்று தெரிந்திருப்பது, வெளியே திறந்து கிடப்பதை மூடுவது, காப்பு நகலை எடுத்து அதை உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஃபயர்வால் வெறும் விளக்கு எரியும் பெட்டி. உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே உள்ள காப்பு நகல் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

முதலில் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். மலேசியாவில் 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். உங்கள் ஆபிஸ் வலையை மட்டும் பாருங்கள். பக்கத்துக் கடையின் வைஃபை திறந்து கிடந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம் மோடத்திலிருந்து தொடங்கி, கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்து போங்கள். ரவுட்டர், சுவிட்ச், வைஃபை பெட்டி, கணினிகள், பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், கைரேகை வைக்கும் வருகைப்பதிவு எந்திரம், கார்டு எந்திரம் என்று எதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கே இருக்கிறது, எதற்கு, ஐபி முகவரி (வலைக்குள் அதன் எண்) என்ன, எந்த இயங்குதளம், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, வாரண்டி எப்போது முடிகிறது என்று எழுதுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பிறகு தேடும் வேலை அப்படியே பாக்கி இருக்கும்.

நடந்து முடித்த பிறகு ரவுட்டருக்குள் போய், அது முகவரி கொடுத்த சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். எழுதியதில் இல்லாத ஏதாவது அங்கே இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும்வரை விடாதீர்கள். பெரும்பாலும் யாராவது ஊழியரின் கைப்பேசியாக இருக்கும். சில நேரம் பழைய கான்ட்ராக்டர் பொருத்திவிட்டுப் போன, யாருக்கும் நினைவில்லாத கணினி ஒன்று மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் ஆபத்தானது. இந்தப் பட்டியலைக் காகிதத்திலும் ஒரு பிரதி வையுங்கள், ஏனென்றால் சர்வர் படுத்த அன்றைக்குச் சர்வரில் இருக்கும் எக்செல் கோப்பைத் திறக்க முடியாது.

மின்னலும் மின்சாரமும் எலியும்

நகரத்து ஆட்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, ஆனால் நம் ஊர்களில் ஹேக்கருக்கு முன்னால் சர்வரைத் தொடுவது மின்னல்தான். மத்தியானம் மூன்று, நான்கு மணிக்கு வானம் கறுக்கிறது, அரை மணி நேரம் இடி, ஒரு தடவை விளக்கு அணைந்து வருகிறது, அடுத்த நாள் காலையில் சுவிட்சில் பாதி போர்ட் செத்துக் கிடக்கிறது.

மின்னல் நேராக உங்கள் கூரையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்னழுத்தம் குதிக்கும். ஆபிசிலிருந்து எடை நிலையத்துக்கோ ஸ்டோருக்கோ வெட்டவெளியில் இழுத்த சாதாரண நெட்வொர்க் கேபிள் இருக்கிறதே, அது இரண்டு கட்டடத்தின் சாதனங்களுக்கும் மின்னலைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி. அதோடு அந்த வகைக் கேபிளின் எல்லை 100 மீட்டர், அதைத் தாண்டி இழுத்திருந்தால் "எடை நிலையத்தில் லைன் விட்டு விட்டு வருது" என்ற புகாருக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் கேபிள் போடுங்கள், இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒன்று. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. வாங்கும்போது உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபரா என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சில வகைகளில் வலுவுக்காக எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். இந்த நிறுவனத்தில் பணம் செலவழிக்க ஒரே ஓர் இடம்தான் அனுமதி என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

யூனிஃபை மாதிரி ஃபைபர் இணைப்பு இருப்பதால் மின்னல் வராது என்று நினைத்துவிட வேண்டாம். ஃபைபர் வழியாக வராது, மோடத்தின் மின் அடாப்டர் வழியாக வரும். அதனால் மோடம், ரவுட்டர், சுவிட்ச், சர்வர், நாஸ் ஐந்தும் யூபிஎஸ்ஸில், அதாவது மின்சாரம் போனாலும் சிறிது நேரம் பேட்டரியில் ஓட்டும் பெட்டியில், இருக்க வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் சொருகாதீர்கள். அது சூடாகும் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை மொத்தமாக இழுத்து யூபிஎஸ்ஸைத் திணறடிக்கும். யூபிஎஸ்ஸோடு ஒரு யூஎஸ்பி கேபிள் வரும், பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அதைச் சர்வரில் சொருகி, மின்சாரம் போய் ஐந்து நிமிடம் ஆனால் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமைத்துவிடுங்கள். கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு கெட்டுப்போகலாம், யூபிஎஸ் வாங்குவதே அதைத் தடுக்கத்தான். அதன் பேட்டரி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரும். வாங்கிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி முன்பக்கமே ஒட்டுங்கள்.

இடம்: மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிஸ்பென்சருக்குப் பக்கத்தில், சாமி மேடைக்கு அடியில் என்று சர்வர் இருக்கக் கூடாத இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பூட்டக்கூடிய, காற்று வரும், தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்த இடம் தேடுங்கள், ஆற்றோரப் பட்டணம் என்றால் இன்னும் உயரத்தில். செம்பனைக்கு நடுவே இருக்கும் ஆபிசில் எலி இல்லாமல் இருக்காது, அது கேபிளைக் கடிக்கும். குழாய்க்குள் விட்டு இழுங்கள், கூரைத் தட்டியின் மேல் வெறுமனே போடாதீர்கள்.

வெளியே என்ன திறந்து கிடக்கிறது

இப்போது ரவுட்டர். அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ் (பொத்தானை அழுத்தி வைஃபையில் சேரும் வசதி), யூபிஎன்பி (சாதனங்கள் தாமாகவே வெளிவழியைத் திறந்துகொள்ளும் வசதி) மூன்றையும் அணைத்துவிடுங்கள். வைஃபையின் பூட்டு முறையாக டபிள்யூபிஏ3, அது ஒத்துவராத பழைய சாதனங்கள் இருந்தால் டபிள்யூபிஏ2, அதற்குக் கீழே எதுவும் வேண்டாம்.

அப்புறம் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறங்கள். இணையத்திலிருந்து வரும் அழைப்பை ஆபிசுக்குள் இருக்கும் ஒரு கணினிக்கு நேராக அனுப்பும் ஏற்பாடு இது. முன்பு யாராவது அவசரத்துக்குத் திறந்துவிட்டு மூடாமல் போயிருப்பார்கள். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்ற ஓர் எண் உண்டு: 3389 என்றால் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப், 445 என்றால் கோப்புப் பகிர்வு, 1433 என்றால் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், 3050 என்றால் ஃபயர்பேர்ட் தரவுத்தளம். நம் நாட்டில் அதிகம் பயன்படும் கணக்கு மென்பொருள்களில் ஆட்டோகவுண்ட் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலும் எஸ்கியூஎல் அக்கவுண்டிங் ஃபயர்பேர்ட்டிலும் ஓடுகின்றன. பழைய ஃபயர்பேர்ட்டோடு வந்த தொடக்கக் கடவுச்சொல் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. அதை மாற்றாமல் 3050ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் உங்கள் கணக்குப் புத்தகம் தெருவில் கிடக்கிறது என்று பொருள். இந்த நான்கும் வெளியே திறந்திருக்க எந்த நியாயமான காரணமும் இல்லை, மூடுங்கள்.

"எங்க சின்ன கம்பெனியை யாருங்க தேடி வரப்போறாங்க" என்று முதலாளி கேட்பார். யாரும் தேடி வருவதில்லை, நிரல்கள் எல்லா முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகின்றன. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் தொடக்கக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை கோப்புப் பகிர்வின் பழைய ஓட்டை வழியாக உள்ளே வந்தது, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டிருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நச்சுநிரல், இணையத்துக்குத் திறந்து வைத்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. மூன்றிலும் பெரிய நிறுவனம், சின்னக் கடை என்ற வித்தியாசம் இருக்கவில்லை.

மூடிய பிறகு, உங்கள் கைப்பேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போய் ஆபிசின் வெளி முகவரியில் அந்தப் போர்ட்டுகள் இன்னும் திறக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளேயிருந்து சோதித்தால் சரியான பதில் கிடைக்காது.

வெளியிலிருந்து ஆபிசுக்குள் வர வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கும். முதலாளி கோலாலம்பூரில் இருந்துகொண்டு நிலுவைப் பட்டியல் பார்க்க வேண்டும், கிராணி (குமாஸ்தா) வீட்டிலிருந்து சம்பளக் கணக்கு முடிக்க வேண்டும். அதற்கு விபிஎன், அதாவது இணையத்தின் வழியாக ஆபிசுக்குள் வரும் பூட்டிய தனிப்பாதை. அதில் வயர்கார்ட் இலவசம், எளிமையானது, பல புதிய ரவுட்டர்களிலேயே இருக்கிறது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இணையச் சேவையாளர் உங்களுக்குத் தனி முகவரி தரவில்லை, நேராக உள்ளே வர முடியாது. அப்போது வயர்கார்ட்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் பயன்படுத்தலாம். மென்பொருள் விற்றவர் நிறுவிவிட்டுப் போன எனிடெஸ்க் (வெளியிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்), எந்நேரமும் உள்ளே வரும்படி திறந்திருந்தால் அந்த வசதியை எடுத்துவிடுங்கள். அவருக்குத் தேவைப்படும்போது போன் செய்யட்டும், நீங்கள் திறந்து கொடுங்கள், வேலை முடிந்ததும் மூடுங்கள்.

ஒரே வலையில் எல்லாவற்றையும் போடாதீர்கள்

வாடிக்கையாளர் கைப்பேசியும், மலிவு கேமராவும், சம்பளச் சர்வரும் ஒரே வலையில் இருப்பதுதான் சின்ன ஆபிஸ்களின் பொதுவான நிலை. தோட்டத்தை டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி கேட் வைப்பதைப் போல வலையையும் பிரிக்கலாம், அதற்குப் பெயர் விலேன். அதற்கு நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று வேண்டும், விலேன் தெரிந்த ரவுட்டர் வேண்டும்.

முகவரியின் தொடக்கம் ஆபிஸ் கணினிகளுக்கு 192.168.10, சர்வரும் நாஸும் இருக்கும் பகுதிக்கு 192.168.20, கேமராக்களுக்கு 192.168.30, விருந்தினர் வைஃபைக்கு 192.168.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராக்கள் இணையத்துக்கும் போகக் கூடாது, ஆபிசுக்கும் போகக் கூடாது. விருந்தினர் இணையத்துக்கு மட்டும். ஆபிஸ் கணினிகள் சர்வருக்குப் போகலாம், ஆனால் தேவையான போர்ட்டுகளுக்கு மட்டும். கேமராவைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் அதுவும் விபிஎன் வழியாகத்தான்.

192.168.0, 192.168.1 இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. ஆபிசிலும் அதே எண் இருந்தால் வீட்டிலிருந்து விபிஎன்னில் வருகிறவரின் கணினி குழம்பிப்போய் சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும்.

புதிய சுவிட்ச் வாங்கக் காசு இல்லையென்றால், ரவுட்டரில் இருக்கும் விருந்தினர் வைஃபையையாவது இன்றைக்கே இயக்கி, ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளை எல்லாம் அதற்கு மாற்றிவிடுங்கள். பாதிக் கிணறு தாண்டினால் போதாது என்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் பாதியும் பயன் தருகிறது.

சர்வருக்குள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 அதற்கும் முன்பே, 2023 அக்டோபர் 10 அன்று. உங்கள் "சர்வர்" ஒரு பழைய விண்டோஸ் 10 கணினியாக இருந்தால் அடுத்த பட்ஜெட்டில் முதல் வரி அதுதான். அதுவரை அதிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியை அடைத்து வையுங்கள். சர்வரில் யூடியூப் பார்ப்பது, மின்னஞ்சல் திறப்பது, யாரோ கொடுத்த தம்ப் டிரைவைச் சொருகுவது எல்லாம் கிராணியாரே செய்தாலும் கூடாது, மரியாதையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு. "அட்மின்" என்ற ஒரே பெயரில் ஐந்து பேர் நுழைந்தால் யார் எதை அழித்தார் என்று கடைசிவரை தெரியாது. நிர்வாகக் கணக்கு உங்களுக்கே இரண்டாவது கணக்காக இருக்கட்டும், அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு. சம்பளக் கோப்புறையைச் சம்பளம் போடுகிறவரும் முதலாளியும் மட்டும் திறக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கைப் போகிற அன்றைக்கே முடக்குங்கள், அழிக்க வேண்டாம்.

கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும், சம்பந்தமில்லாத நான்கைந்து சொல் சேர்த்த ஒரு வாக்கியம் போதும். மாதாமாதம் மாற்றச் சொல்லி ஊழியர்களை வதைக்காதீர்கள், அப்படிச் செய்தால் அவர்கள் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போவார்கள், இல்லையென்றால் மானிட்டரில் எழுதி ஒட்டுவார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்டும் கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் ஒழியக் கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. கீபாஸ், பிட்வார்டன் மாதிரி கடவுச்சொல் பெட்டகம் ஒன்றைப் பழக்குங்கள். நிறுவன மின்னஞ்சலுக்கு இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்ற எல்லாக் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிக்கொள்ளலாம்.

அப்டேட் எப்போது போடுவது என்பதற்கு நம் ஊருக்கென்றே ஒரு நாள்காட்டி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வெளியிடுகிறது, நமக்கு அது புதன் விடியற்காலை. வேலைச் சட்டப்படி சம்பளம் ஏழாம் தேதிக்குள் போக வேண்டும், இபிஎஃப்பும் சொக்சோவும் பதினைந்துக்குள். ஆகவே மாதத்தின் முதல் பாதியில் சர்வரைத் தொடாமல், பதினாறு தேதிக்குப் பிறகு வரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம், காப்பு நகல் எடுத்துவிட்டு, அப்டேட் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குள் அந்த அப்டேட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் உலகத்துக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஒரு ஓட்டையை ஏற்கெனவே ஆட்கள் பயன்படுத்துகிறார்கள் என்று செய்தி வந்தால் நாள் பார்க்க வேண்டாம், அன்று இரவே போடுங்கள்.

லினக்ஸ் சர்வர் என்றால், உபுண்டு 24.04 எல்டிஎஸ் மாதிரி நீண்ட ஆதரவுப் பதிப்பை எடுங்கள். வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் போகும் வழியான எஸ்எஸ்எச் நுழைவைக் கடவுச்சொல்லிலிருந்து சாவிக் கோப்புக்கு மாற்றுங்கள். ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிட்டு இயக்குங்கள். இப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள், அப்புறம் மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு சர்வர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும்.

காப்பு நகல்

இந்தக் கட்டுரையில் இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மற்ற எல்லாம் தோற்றாலும் இது நின்றால் நிறுவனம் நிற்கும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். சர்வரில் இருப்பது ஒன்று, நாஸில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஒன்று ஆபிசில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டு அலமாரியில். எந்நேரமும் சொருகியே இருக்கும் டிஸ்க்கைக் காப்பு என்று எண்ணாதீர்கள், பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் கண்ணில் படும் எல்லா டிரைவையும் சேர்த்தே பூட்டும். ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டும் காப்பு ஆகாது, அது ஒரு டிஸ்க் செத்தால் வேலையை நிற்காமல் ஓட்டும், தவறி அழித்த கோப்பை அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழிக்கும். கூகள் டிரைவ், ஒன்டிரைவ் ஒத்திசைவும் அப்படியே, கெட்டுப்போன கோப்பையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று பார்த்த பிறகே அதை நம்பலாம்.

கணக்கு மென்பொருளின் தரவுத்தளக் கோப்பை, அது ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்து ஒட்டுவது நகல் ஆகாது. பாதி எழுதிய நிலையில் பிடித்த கோப்பு பிறகு திறக்காமல் போகலாம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையை, எல்லாரும் போன பிறகு இரவில் ஓடும்படி வைத்து, அது தரும் கோப்பை நகலெடுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதென்றால் முதலில் கணக்குப் போடுங்கள். 200 ஜிபி தரவு, மேலேற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் முதல் தடவைக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். வேகம் 10 எம்பிபிஎஸ்தான் என்றால் நாற்பத்தைந்து மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு நாள். வெள்ளி இரவு தொடங்குங்கள். அதன் பிறகு மாறியது மட்டும் போகும் என்பதால் தினமும் சில நிமிடத்தில் முடியும்.

வெளியே போகும் டிஸ்க்கைப் பூட்டி அனுப்புங்கள், விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. காரில் வைத்த பை காணாமல் போனால் அத்தனை தொழிலாளிகளின் அடையாள அட்டை எண்ணும் அதோடு போகக் கூடாது. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். வருமான வரிக்கான பதிவுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் ஆண்டு முடிவு நகல் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து வையுங்கள், அதன்மேல் எழுத வேண்டாம்.

இனி மீட்டுப் பார்ப்பது. "பேக்கப் வெற்றி" என்று பச்சை எழுத்தில் வருவதை நம்பாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வலையில் சேராத ஒரு பழைய கணினியை எடுத்து, அதில் கணக்கு மென்பொருளை நிறுவி, டிஸ்க்கில் இருக்கும் நகலை ஏற்றிப் பாருங்கள். போன மாதச் சம்பளச் சீட்டு ஒன்றை அச்சிடுங்கள், கடனாளிகளின் மொத்தம் சரியாக வருகிறதா என்று கிராணியாரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது, எது இல்லாமல் தவித்தீர்கள் என்று எழுதுங்கள். மென்பொருளின் உரிமச் சாவி எங்கே என்று தெரியவில்லை, நிறுவும் கோப்பு பழைய பதிப்பு, டிஸ்க் திறக்கச் சாவி முதலாளி மகனிடம், இப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். இவை எல்லாம் ஒரு சாதாரண புதன்கிழமை தெரியவந்தால் நல்லது, சம்பள நாளுக்கு முந்தின இரவு தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், ஐம்பது குடும்பம் பணத்துக்குக் காத்திருக்கும்.

ஆட்கள்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) யாரும் நிறுவக் கூடாது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் அழையுங்கள், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இன்னொன்று, தவறாக எதையாவது அழுத்திவிட்டேன் என்று வந்து சொல்லும் ஊழியரைத் திட்டாதீர்கள், முதலாளியையும் திட்ட விடாதீர்கள். அவர் உடனே வந்து சொன்னதால்தான் உங்களுக்கு நேரம் கிடைத்தது.

ஏதோ நடந்துவிட்டது என்றால்

கோப்புப் பெயர்கள் மாறியிருக்கின்றன, பணம் கேட்டு ஒரு அறிவிப்பு நிற்கிறது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், சுவிட்சையே அணைத்தாலும் தவறில்லை. பாதிக்கப்பட்ட கணினியில் எதையும் அழிக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டாம், திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். முக்கியமாக, பதற்றத்தில் காப்பு டிஸ்க்கைக் கொண்டுவந்து அதில் சொருகிவிடாதீர்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் கொடுங்கள், போலீஸ் ரிப்போர்ட்டும் எழுதுங்கள். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல் கூட்டுச் சேர்ந்து நடத்தும் நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைப் பூட்டுகளைத் திறக்கும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன, பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன் அங்கே பாருங்கள்.

தொழிலாளிகளின், வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட தரவு கசிந்து அவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால், 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதை மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அடையாள அட்டை எண்ணை இழந்த லயத்துக்காரருக்குத் தன் பெயரில் யாரோ கடன் எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

வாரமும் மாதமும்

திங்கள் காலை பத்து நிமிடம்: நேற்றிரவு நகல் ஓடியதா, டிஸ்க்கில் இடம் எவ்வளவு, விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 4625 எண் குவிந்திருக்கிறதா. அது தோல்வியுற்ற நுழைவு முயற்சி. காலையில் கடவுச்சொல் மறந்த ஒருவரின் மூன்று வரி சாதாரணம், இரவு இரண்டு மணிக்கு நூற்றுக்கணக்கில் இருந்தால் சாதாரணம் இல்லை. 1102 இருந்தால் யாரோ பதிவையே அழித்திருக்கிறார்கள், நீங்கள் அழிக்கவில்லை என்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

மாதம் ஒரு தடவை, வேலை நேரம் முடிந்த பிறகு, யூபிஎஸ்ஸின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சர்வர் சொன்னபடி அணைகிறதா என்று பாருங்கள். பயனர் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர் யாராவது இருக்கிறாரா என்று சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எல்லாக் கடவுச்சொல்லும் உங்கள் ஒருவரிடமே இருக்கக் கூடாது. பெட்டகத்தின் தலைமைக் கடவுச்சொல்லை ஓர் உறையில் ஒட்டி முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள்.

நிறுவனத்துக்குச் சொந்த இணைய முகவரி இருந்தால், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போகிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்ற மூன்றையும் இந்த வாரமே பாருங்கள். முன்பு வலைப்பக்கம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால், அவரோடு பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.